ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பெட்டை

கெட்டில் ஓடை, மிசூரி
ஏப்ரல் 13, 2006

அன்புள்ள லவோன்,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். உன் அக்கா ஓப்பல் வீட்டுச் சாப்பாட்டில் இளைத்தவர் யாரும் இல்லை. அந்த வீட்டில் விளக்கு எரிவது நம் சமையலறை ஜன்னலிலிருந்து தெரிகிறது. நடுவில் ஓர் ஓடை, அவ்வளவுதான். இந்தக் கடிதமோ ஸ்பிரிங்ஃபீல்டு வரை போய் முத்திரை குத்திக்கொண்டு, தபால்காரி ஜோலீனின் வண்டியில் இதே ஓடைக்குத் திரும்பி வரவேண்டும். போனை எடுக்கமாட்டேன், எழுதினால் படிக்கிறேன் என்று நீ சொல்லியனுப்பியதால் வந்த வினை. எழுதியாயிற்று. படி.

முதலில் வீட்டு விஷயம். என் கம்பளிக் காலுறை எங்கே? சலவை இயந்திரம் ஏன் நடுவில் நடக்க ஆரம்பிக்கிறது? போன வருடத்து வான்கோழியின் கால்கள் இரண்டும் ஃப்ரீசரில் அப்படியே இருக்கின்றன. நீ வந்து சாப்பிடுவாய் என்று தொடவில்லை. நெஞ்சுக்கறியை நான் முடித்துவிட்டேன்.

டாட்டியின் சாப்பாட்டுக் கடையில் ஒரு கூத்து. தீவனக் கடை ஹார்லன் மறைப்புக் கூடாரம் ஒன்று வாங்கியிருக்கிறான். குடைபோல விரிகிறது. உள்ளே நாற்காலி, காப்பிக் கோப்பை வைக்க ஒரு வலைப்பை, நாலு பக்கமும் ஜன்னல். அதற்குள் உட்கார்ந்து வான்கோழி மேல் அம்பு விடப்போகிறானாம்.

“படுக்கையை எங்கடா போடுவ?” என்று கேட்டேன்.

“உள்ள உக்காந்தா நாம அசையறது அதுக்குத் தெரியாது வெர்லின்.”

“உன் பொண்டாட்டிக்கும் தெரியாது. அதுக்குத்தானே வாங்கின?”

கடையே சிரித்தது. நீ இருந்திருந்தால் நீயும் சிரித்திருப்பாய், சாயங்காலமாவது.

துப்பாக்கிக்காரன் விரலை அசைத்தால் போதும். வில்காரன் முழுக் கையையும் பின்னால் இழுக்கவேண்டும், எறும்பு கொட்டாவி விட்டாலும் கண்டுபிடிக்கிற பறவையின் எதிரில். அதை வெறும் மரத்தடியில் உட்கார்ந்து வருடாவருடம் செய்கிறவன் இந்த மாவட்டத்தில் ஒருவன்தான். பெயரைச் சொல்ல அடக்கம் தடுக்கிறது.

இருபத்துநாலாம் தேதி வேட்டைப் பருவம் திறக்கிறது. பிப்ரவரி விருந்தில் வேடிக்கையாக ஏதோ சொன்னேன் என்பதற்காக எத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாய்? வந்துவிடு. காட்டில் நீ பெட்டைக் குரலில் கூப்பிடுவது துருப்பிடித்த கதவுக் கீல்போல இருந்தாலும் முதுகுக்குப் பின்னால் கேட்டுப் பழகிவிட்டது.

இன்னமும் உன் வீட்டுக்காரன்,
வெர்லின்

———

ஓப்பல் வீடு
ஏப்ரல் 17

அன்புள்ள வெர்லினுக்கு (கடிதத்தில் அப்படி எழுதுவது வழக்கம், மனதில் வைத்துக்கொள்ளாதே),

காலுறை நீ கழற்றிய இடத்தில் இருக்கும். நம் வீட்டில் எல்லாமே அங்கேதான் இருக்கும், நான் குனிந்து எடுக்கிறவரை. சலவை இயந்திரம் நடப்பது உன் சட்டைப்பையில் இருக்கும் கூழாங்கற்களால். அதுவும் வீட்டைவிட்டுப் போகப் பார்க்கிறது, பாவம், மின்கம்பி விடவில்லை.

போன் வேண்டாம் என்றதற்குக் காரணம் கேட்டாயாம், ஜோலீன் சொன்னாள். இருபத்திரண்டு வருடத்தில் நான் தொடங்கிய வாக்கியம் எதையும் நான் முடித்ததில்லை. நீதான் முடித்து வைத்தாய், பெரும்பாலும் தப்பாக. காகிதத்தில் நீ குறுக்கே வரமுடியாது. இதோ பார், இந்த வாக்கியம் எவ்வளவு நீளமாகப் போகிறது, நடுவில் வேடிக்கைக்காக ஓப்பலின் பூனையைப் பற்றிக்கூடச் சொல்கிறேன், அது உன்னைப்போலவே எலியைப் பிடிக்காமல் பிடித்த கதையை மட்டும் சொல்லுகிற முகத்தோடு அலைகிறது, இருந்தும் இந்த வாக்கியத்தை நானே முடித்துவிட்டேன். என்ன சுகம்!

“வேடிக்கையாக ஏதோ” என்று எழுதியிருக்கிறாய். நீ மறந்திருந்தால் நான் சொல்கிறேன். வேட்டைச் சங்க விருந்து. உனக்குக் கேடயம் கொடுத்தார்கள். ‘லவோனும் உங்ககூட வருவாங்களாமே, காட்டுல அவங்க என்ன பண்ணுவாங்க?’ என்று மேடையில் கேட்டார்கள். நீ மைக்கை வாங்கி, “ஃபிளாஸ்க் தூக்குவா. நல்ல நாளா இருந்தா மூடியும் திறப்பா” என்றாய். மண்டபம் முழுக்கச் சிரித்தது. நான் புது உடுப்புப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இந்த உடம்புக்கு அந்த உடுப்பு ஏறியதே ஒரு சாதனை. அதற்குத்தான் கேடயம் கொடுத்திருக்கவேண்டும்.

உண்மையில் நடந்தது என்ன? நீ முன்னால் மரத்தில் சாய்ந்து கல்லாக உட்கார்ந்திருப்பாய். நான் பின்னால் புதரில் உட்கார்ந்து, ரப்பர் ஊதலை அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, பெட்டை மாதிரி கூப்பிடுவேன். சேவல் உன்னைத் தாண்டி என்னைத் தேடிக்கொண்டு வரும். அதன் கண் உன்மேல் இல்லாததால்தான் நீ வில்லை இழுத்தாய். கூடாரம் இல்லாமல் அடித்தேன் என்கிறாயே, உன் கூடாரம் நான்தானய்யா!

சரி, விஷயம் இது. நான் திரும்பி வர இரண்டு வழி. இந்தப் பருவத்தில் ஒரு சேவல்: வில், கூடாரம் கிடையாது, கூப்பிடுவதும் நீயே. முடிந்தால் அன்றைக்கே பெட்டியோடு வருகிறேன், நீ சொன்னதெல்லாம் உண்மை என்று ஒப்புக்கொண்டு. முடியவில்லையா, டாட்டி கடையில் எழுந்து நின்று ஒரே ஒரு வாக்கியம் சொல்: “எல்லாப் பறவையையும் கூப்பிட்டது லவோன்.” அதற்கும் வருவேன். எது சுலபம் என்று நீயே தேர்ந்துகொள்.

இரண்டும் இல்லையென்றால், பருவம் முடிந்த மறுநாள் வக்கீல் காகிதம் வரும். பிரிட்செட் என்ற என் பிறந்த வீட்டுப் பெயரோடு தயாராக இருக்கிறது. ஓப்பலின் ரொட்டிப் பெட்டி மேல்தான் வைத்திருக்கிறேன். பூனை அதில் படுத்துத் தூங்குகிறது.

லவோன்

———

கெட்டில் ஓடை
ஏப்ரல் 27

அன்புள்ள லவோன்,

முதல் வழி. அதில் என்ன யோசனை? சிங்கத்திடம் வந்து உறுமிக் காட்டு என்கிறாய்.

திங்கள் விடியலில் மேட்டு ஓக் மரத்தடியில் இருந்தேன். ஆந்தைபோல ஒரு குரல் கொடுத்தேன். அடைந்திருந்த மரத்திலிருந்தே சேவல் இடிபோலப் பதில் சொன்னது. நெஞ்சில் தொங்கும் தாடி முழங்காலைத் தட்டும் கிழட்டு ராஜா. கையடக்க மரப்பெட்டியின் மூடியை மெல்ல உரசிப் பெட்டைக் குரல் எழுப்பினேன். தேன்! இறங்கினான். விசிறியை விரித்தான். நடந்து வருகிறான். வில் மடியில். என் மூக்கில் ஒரு கொசு, அதையும் பொறுத்துக்கொண்டேன்.

அப்போது ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெட்டை வாயைத் திறந்தாள்.

அதைப் பெட்டை என்பதா, சந்தைக்காரி என்பதா? நான் “வா ராசா” என்று உரசினால், முடிப்பதற்குள் “யாருடி அவ?” என்பதுபோலக் குறுக்கே வெட்டுகிறாள். மறுபடி உரசினேன். மறுபடி வெட்டினாள். ராஜா நின்றான். என் பக்கம் பார்த்தான், அவள் பக்கம் பார்த்தான், மேடையில் ஏறி இறங்குகிறவன்போலத் திரும்பி, ஓடையைத் தாண்டிப் பறந்தே போய்விட்டான்.

செவ்வாயும் அதேதான். புதனும். நான் எதையாவது ஆரம்பித்தால் போதும், அவள் வந்துவிடுகிறாள். ஒருவனைத் தொடங்கியதை முடிக்கவிடாமல் செய்வது எவ்வளவு கீழ்த்தரமான குணம் தெரியுமா? உனக்கு எங்கே தெரியப்போகிறது.

இன்று காலை ஓர் இளஞ்சேவல் தானாகவே வந்தது. இழுக்க ஆரம்பித்தேன், முழங்கால் ‘டப்’ என்றது. அவன் எகிறின வேகத்தில் ஓர் இறகு மட்டும் மிச்சம். அதைத் தொப்பியில் செருகி டாட்டி கடைக்குப் போனேன். “ஏதோ தொடங்கிட்டீங்கபோல” என்றாள் டாட்டி. “ம்” என்றேன். ‘ம்’ பொய்யில் சேராது.

ஹார்லன் தன் துணிக்குடிலில் உட்கார்ந்து ஒன்றை அடித்துவிட்டான். குறட்டை விடும்போது வந்து நின்றதாம். இதெல்லாம் வேட்டையா? சவப்பெட்டிக்கு ஜன்னல் வைத்தால் அவன் பாட்டன்கூட அடிப்பார்.

ஒரு பெட்டையால் தடைப்படுகிறவன் அல்ல நான்.

வெர்லின்

———

ஓப்பல் வீடு
மே 1

வெர்லினுக்கு,

அந்தப் பெட்டைக்கு என் வணக்கத்தைச் சொல்.

நீ அவளைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாய். ஓப்பலுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து சிரித்தாள். ஏன் அவ்வளவு சிரிப்பு என்று கேட்காதே. இந்த வீட்டில் பொழுதுபோக்குக் குறைவு.

உன் மரப்பெட்டி உரசல் “தேன்” என்று எழுதியிருக்கிறாய். காற்று வாகாக இருந்தால் இங்கேகூடக் கேட்கிறது. நான் ஏதோ ஈரத்தில் பன்றிக்குட்டியை இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்றல்லவா நினைத்தேன்!

முழங்காலுக்கு ஒன்று சொல்கிறேன், நீ கேட்கமாட்டாய், ஆனாலும் சொல்கிறேன். சேவல் உன்னை நோக்கி வரும்போது இழுக்காதே. அது விசிறியை விரித்துக்கொண்டு தன் அழகில் மயங்கி ஒரு சுற்றுச் சுற்றும். முதுகு உன் பக்கம் வரும்போது அதன் தலை அதன் வாலுக்குப் பின்னால் மறைந்துபோகும். அந்தக் கணத்தில் இழு. தன்னைத் தானே ரசிக்கிறவனுக்கு எதிரில் இருப்பது தெரியாது. இதை நான் வான்கோழியிடம் கற்றுக்கொண்டேன் என்று நீ நினைத்தால், அப்படியே இருக்கட்டும்.

இன்னொரு சமாசாரம். ஜோலீன் நம் வீட்டுக்கு ஒரு நீளமான அட்டைப்பெட்டி கொண்டுவந்து கொடுத்தாளாமே? “மேல குடிசைப் படம் போட்டிருந்துச்சு லவோன், படத்துல ஒருத்தன் உள்ள உக்காந்து சிரிக்கிறான்” என்றாள். நீ அதை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பிணத்தை மறைப்பவன்போலக் களஞ்சியத்துக்குள் ஓடினாயாம். ஓடினாய் என்றுதான் சொன்னாள். அப்படியானால் முழங்கால் தேவலை என்று சந்தோஷப்பட்டேன்.

அது என்ன பெட்டி?

லவோன்

———

கெட்டில் ஓடை
மே 4

அன்புள்ள லவோன்,

தக்காளிக்கு நிழல்.

அவ்வளவுதான் அந்தப் பெட்டி. இந்த வருடம் வெயில் கடுமையாக இருக்கும் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறான். தபால்காரி படத்தைப் பார்ப்பதை விட்டு முகவரியைப் பார்க்கட்டும். (நாம் தக்காளி போடுவதில்லை என்று எழுதி அனுப்பாதே. போடலாம் என்று இருக்கிறேன்.)

அந்தப் பெட்டையைப் பற்றிச் சொல்லவேண்டும். நீ சிரித்தாலும் பரவாயில்லை.

இத்தனை வருடக் காட்டில் இப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. முதலில் எரிச்சல்தான். இப்போது விடிவதற்கு முன்பே எழுந்து, அவள் ஆரம்பிக்கக் காத்திருக்கிறேன். மரத்தில் இருக்கும்போது தூக்கம் கலையாத முனகல் ஒன்று கொடுப்பாள். பிறகு இறங்கி ஒரு கேள்வி. பிறகு கோபம். கடைசிக் கூவலுக்கு முன்னால் சிறு இடைவெளி விடுகிறாள் பார், வாசலில் வந்து நின்று திரும்பிப் பார்க்கிறவள்போல, அதில் எந்தச் சேவலும் காலி. நேற்று நான் உரசுவதையே மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். காப்பி ஆறிவிட்டது.

மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ அவளிடம் ஒரு வாரம் பாடம் படித்தால் அந்தக் கீல் சத்தம் போய்விடும்.

ஆனால் பாராட்டு வேறு, பருவம் வேறு. நாட்கள் ஓடுகின்றன; ஒரு சேவலையும் அவள் என்னிடம் விடவில்லை. ஆகவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். சேவல் அவளிடம் போகிறது என்றால், நானும் அவளிடம் போகிறேன். குரலைப் பிடித்துக்கொண்டு, ஓடையைக் கடந்து, தவழ்ந்தே போய்ப் பக்கத்தில் உட்காரப்போகிறேன். அவளைத் தேடி வருகிறவன் என்னிடம் மாட்டுவான்.

உடனே ஆரம்பிக்காதே. மாதா கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்கு வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவன் நான்தான். ‘பறவைக் குரலை நோக்கித் தவழாதே, கூப்பிடுவது இன்னொரு வேட்டைக்காரனாக இருக்கலாம்’ என்பது என் முதல் பாடம். அது கற்றுக்குட்டிகளுக்கு. மனிதக் குரலுக்கும் பெட்டைக் குரலுக்கும் வித்தியாசம் தெரியாதவனா நான்?

பெட்டியைக் கட்டி வை.

வெர்லின்

———

ஓப்பல் வீடு
மே 8

வெர்லினுக்கு,

நேற்று நீ ஓடையைக் கடந்து நடந்துபோன வேகத்தில் பேச முடியவில்லை. நடந்தது என் பக்கத்திலிருந்து எப்படி இருந்தது என்பதை எழுதிவிடுகிறேன். நீ உன் பக்கத்தை டாட்டி கடையில் சொல்லும்போது என்னுடையது ஒன்று காகிதத்தில் இருக்கட்டும்.

பருவம் திறந்த நாளிலிருந்து ஓப்பலின் மேட்டில் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஓப்பலின் மகனுடைய பழைய வில். கூடாரம் இல்லை. பெருமைக்கு ஒன்றுமில்லை: முதல் நாள் அவனைக் கூப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனேன். இரண்டாம் நாள் ராஜா வந்து நின்றபோது நான் புதருக்குப் பின்னால் குந்தியிருந்தேன், வேட்டைக்காக அல்ல. அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அப்புறம் ஒருநாள் இழுத்தேன், குறி தவறி அம்பு ஒரு காளானைக் குத்தியது. நல்ல காளான், வெண்ணெயில் வதக்கிச் சாப்பிட்டோம்.

நேற்று ராஜா மறுபடி வந்தான். கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். பக்கத்தில் ஒரு பெட்டை இருக்கிறாள், பிகு பண்ணுகிறாள் என்று அவன் நம்பவேண்டும். விசிறியை விரித்தான், சுற்றினான், தலை மறைந்தது. இழுத்தேன்.

அந்த நேரம் பார்த்து எனக்குப் பின்னால் ‘டப்’.

மான் என்று நினைத்தேன். மான் வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டது. அப்போது தெரிந்துவிட்டது. ராஜா கழுத்தை நீட்டிக் கல்லாக நின்றான். நான் இழுத்த வில்லோடு நின்றேன். நீ நாலு காலில், காஞ்சொறிச் செடியில் தாடையை வைத்துக்கொண்டு நின்றாய். மூன்று பேரில் மூச்சு விட்டவர் யாரும் இல்லை. என் தோள் எரிந்தது, கண்ணில் வேர்வை. ஒன்று ஒப்புக்கொள்கிறேன், நீ அசையவில்லை. ராஜா மெல்ல இறகைத் தளர்த்தினான். விட்டேன்.

அவன் விழுந்த பிறகு நான் திரும்பாமலே சொன்னேன்:

“எந்திரி வெர்லின். உன் முழங்கால் சத்தம் பக்கத்து மாவட்டத்துக்கே கேக்குது.”

“லவோன்? நீ இங்க என்ன பண்ற?”

“தக்காளி போடறேன்.”

நீ எழுந்து, என்னைப் பார்த்து, வில்லைப் பார்த்து, செத்த ராஜாவைப் பார்த்து, அப்புறம் கேட்டாயே ஒரு கேள்வி!

“அந்தப் பெட்டை எங்க?”

“எந்தப் பெட்டை?”

“இப்பத்தான் கூப்பிட்டாளே. எந்தப் பக்கம் ஓடினா? உன் அம்புச் சத்தத்துல பயந்துட்டா பாரு. அய்யோ, அவள விரட்டிட்டியேடி!”

ஊதலை நாக்கால் மேலே தள்ளி, முனகல், கேள்வி, கோபம், சின்ன இடைவெளி, கடைசிக் கூவல், எல்லாம் உன் முகத்துக்கு நேரே கூப்பிட்டேன். உன் முகம் என்ன ஆயிற்று என்று நான் எழுதப்போவதில்லை. அதை எனக்கென்று வைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. என் மரத்தடியிலிருந்து பார்த்தால் உன் மேடு நன்றாகத் தெரியும். புதன்கிழமை முதல் அங்கே ஒரு தக்காளி நிழல் முளைத்திருக்கிறது. புது நைலான், விடியற்கால வெயிலில் புதுக் கார்போல மினுங்குகிறது. ஒரு ஜன்னலில் உன் ஃபிளாஸ்க் வேறு. மூடியைத் திறக்க ஆள் இல்லாமல் சிரமப்பட்டிருப்பாய்.

அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, ஓப்பலிடம்கூட. கூடாரம் முளைத்ததோடு உன் முதல் வழி முடிந்தது. இரண்டாவது வழி திறந்துதான் இருக்கிறது: ஒரு வாக்கியம், டாட்டி கடை, பருவம் முடியும் ஞாயிற்றுக்கிழமைக்குள். கூடாரத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம், அது உன் பாடு. அந்த வாக்கியம் போதும்.

உண்மையாகவே சொல்கிறேன், வெர்லின். பெட்டியைக் கட்டித்தான் வைத்திருக்கிறேன்.

உன்
லவோன்

———

கெட்டில் ஓடை
மே 12

என் அன்புள்ள லவோன்,

சொல்லிவிட்டேன்!

இன்று காலை, கூட்டமான நேரத்தில். நாற்காலியைத் தள்ளி எழுந்து நின்றேன். கரண்டியால் கோப்பையைத் தட்டினேன். நீ எழுதியதை எழுத்துப் பிசகாமல் சொன்னேன்: “எல்லாப் பறவையையும் கூப்பிட்டது லவோன்.” டாட்டி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். உட்காரலாம் என்று இருந்தேன், சத்தியமாக.

அந்த ஹார்லன் சும்மா இருந்தானா? “அப்ப இத்தனை வருஷமா நீ என்னதான் பண்ணின?” என்று கேட்டான். கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையா? “அவளுக்குக் கத்துக்கொடுத்தவன் யாருன்னு நெனச்ச?” என்றேன். நீ முதன்முதலில் ரப்பர் ஊதலை விழுங்கப் பார்த்த நாளில் முதுகில் தட்டியவன் நான்தானே, பொய்யா? அப்புறம் நேரில் பார்த்ததையும் கேட்டார்கள். ராஜா கழுத்தை நீட்டியதும், காஞ்சொறி எரிய எரிய நான் மூச்சுவிடாமல் கிடந்ததும். “நான் மட்டும் ஒரு விரலை அசைச்சிருந்தா அந்தப் பறவை போயே போச்சு” என்றேன். நீயே எழுதியிருக்கிறாயே, நான் அசையவில்லை என்று! “பாதிப் பறவை ஒனக்குத்தான் வெர்லின்” என்றான் ஹார்லன். கூடாரக்காரனாக இருந்தாலும் நியாயம் தெரிந்தவன். கைதட்டினார்கள், லவோன். டாட்டி ஆப்பிள் பை கொடுத்தாள். குரலைக் கேட்டுத் தவழ்ந்து போனதைக்கூட, உனக்குத் துணையாகக் காவலுக்கு வந்தேன் என்று அவர்களாகவே புரிந்துகொண்டார்கள். நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

ராஜாவின் விசிறி வாலை நீ எடுத்து வா. கல்லாப் பெட்டிக்கு மேலே மாட்டிக்கொள்கிறேன் என்று டாட்டி சொல்லியிருக்கிறாள். கீழே வைக்க ஓர் அட்டைகூட நானே எழுதிக் கொடுத்துவிட்டேன்: “அடித்தவர் லவோன் ஸ்டாக்டன். வெர்லின் ஸ்டாக்டனின் மாணவி.” உன் பெயரைத்தான் முதலில் போட்டேன், பெரிய எழுத்தில்.

வீட்டைக் கூட்டிவிட்டேன். சட்டைப்பைகளைக் காலி பண்ணிவிட்டேன், இயந்திரம் நின்ற இடத்தில் நிற்கிறது. வான்கோழிக் கால்களை வெளியே எடுத்து வைத்திருக்கிறேன், உனக்கு. ஞாயிற்றுக்கிழமை வாசல் விளக்கை எரியவிடுகிறேன். ஓடையைக் கடக்கும்போது மேல்கல்லில் கால் வைக்காதே, வழுக்குகிறது.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன், பார்த்தாயா?

உன்
வெர்லின்

———

மே 15, 2006

திரு. வெர்லின் ஸ்டாக்டன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. ஞாயிறு முழுவதும் தங்கள் வாசல் விளக்கு எரிந்ததை ஓப்பலின் ஜன்னலிலிருந்து பார்த்தேன். மின்சாரம் வீண், அணைத்துவிடுங்கள்.

ஒரு வாக்கியம் கேட்டிருந்தேன். சொன்னீர்கள். அதோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நான் இப்போது அங்கே இருந்திருப்பேன், அந்தக் காலுறையைக் குனிந்து எடுத்துக்கொண்டு. தாங்கள் கெட்டவர் இல்லை. விசிறியை விரித்தால் தலை மறைந்துபோகிறவர், அவ்வளவுதான். அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று தங்களுக்குத் தெரியவே தெரியாது.

வாலை அனுப்ப முடியாது. அது ஓப்பலின் அடுப்புக்கு மேலே இருக்கிறது, அட்டை இல்லாமல். ராஜாவின் நெஞ்சுக்கறியை மாவில் புரட்டிப் பொரித்து நாங்கள் இருவரும் சாப்பிட்டோம். இத்தனை வருடமும் நான் சாப்பிட்டதில்லை. இவ்வளவு மிருதுவாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அவன் கால்கள் இரண்டையும் ஜோலீனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஊசிபோல நரம்பு இருக்கும், பார்த்துக் கடியுங்கள். நாள் முழுக்க வேகவைத்தாலும் அப்படித்தான்.

அடுத்த வசந்தத்தில் ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு பெட்டையின் குரல் கேட்டால் தவழ்ந்து வரவேண்டாம். தங்கள் முதல் பாடமே அதுதானே.

வக்கீல் காகிதம் உள்ளே இருக்கிறது. பூனை முடி ஒட்டியிருந்தால் மன்னிக்கவும். பெருக்கல் குறி போட்ட இடங்களில் கையெழுத்து வேண்டும். யாராவது பார்ப்பார்களோ என்று கூச்சமாக இருந்தால், அந்தக் கூடாரத்துக்குள் உட்கார்ந்து போடுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் கை அசைவதே தெரியாது.

இப்படிக்கு,
லவோன் பிரிட்செட்